சதுரத்தின் நியாயம்

பழைய காமிராவின் ரூபத்தைத் தாங்கிய புதிய டிஜிட்டல் காமிராக்கள் சந்தைக்கு வரத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 2011இல் விற்பனைக்கு வந்த புஜிபில்ம் எக்ஸ்100, 2013இல் வந்த நிக்கான் டிஎப், 2023இல் வந்த நிக்கான் இசட்எப் முதலியவற்றைக் கையில் எடுப்பவர்கள், எண்கள் பொறித்த உலோகச் சக்கரத்தைத் திருகி ஷட்டரின் வேகத்தை அமைப்பதிலும், உடலைச் சுற்றி ஒட்டிய, தோல்போன்ற சொரசொரப்பான கரிய உறையின் பிடிமானத்திலும் ஒரு தனிச் சுகம் காண்கிறார்கள். அந்தச் சுகத்தை நான் குறை கூற மாட்டேன். கருவி கைக்கு இசைந்தால் வேலையில் மனம் ஒன்றும் என்பது எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்த உண்மை. ஆயினும், தோலைப் பதனிட்டும் வெட்டியும் தைத்தும் வாழ்கின்ற ஆம்பூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு இவற்றை நோக்கும்போது, மேல்தோலை இவ்வளவு சிரத்தையோடு மீட்டுக்கொண்டவர்கள், பழைய காமிராக்கள் பலவற்றின் உயிராக இருந்த சதுரப் படத்தை ஏன் மீட்கவில்லை என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

நம் வீடுகளில் உள்ள பழைய ஆல்பங்களைப் புரட்டினால் அந்தச் சதுரம் நமக்கு எவ்வளவு பரிச்சயமானது என்பது விளங்கும். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்பா கிளிக் 3 என்னும் எளிய காமிரா, 120 எண்ணுள்ள பிலிம் சுருளில் ஆறு சென்டிமீட்டர்ச் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்தது. ஸ்டூடியோக்காரர்கள் கலியாண வீடுகளுக்குக் கொண்டுவந்த யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் காமிராக்களும் அதே சுருளில் அதே சதுரத்தைப் பதித்தன.

சதுரத்தைத் தேர்ந்தெடுத்தது வெறும் அழகுணர்ச்சியன்று. அதற்கு ஒரு காரியக் காரணம் உண்டு. ஜெர்மனியில் 1929இல் வெளிவந்த ரோலிபிளெக்ஸ் முதலாக இவ்வகைக் காமிராக்களை மார்பளவில் பிடித்து, மேலே உள்ள தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைத் தலைகுனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். படம் நீள்சதுரமாக இருந்திருந்தால், நிற்கும் மனிதரையும் நீண்ட வரிசையில் அமர்ந்த குடும்பத்தையும் மாறி மாறி எடுக்கும்போது காமிராவைப் பக்கவாட்டில் சாய்க்க நேர்ந்து, காட்சியைப் பார்ப்பதே பெருந்தொல்லையாகியிருக்கும். சதுரமோ அந்தத் தொல்லையை அடியோடு நீக்கியது. படம் நெடிதாக வேண்டுமா, அகலமாக வேண்டுமா என்னும் தீர்மானத்தை இருட்டறையில் பிரிண்டு போடும் நேரத்துக்கு ஒத்திப்போட அது இடங்கொடுத்தது.

இதனினும் ஆழமான நியாயம் ஒன்று கணிதத்தில் இருக்கிறது. லென்ஸ் வட்டமானது, ஆகவே அது வீழ்த்தும் பிம்பமும் வட்டமானதே. அந்த வட்டத்துக்குள் அடங்கும் துண்டையே நாம் படமாக எடுத்துக்கொள்கிறோம். ஆம்பூர்த் தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் காலணியின் அப்பருக்குத் தோல் வெட்டுகிறவர், சதுர அடிக்கு இவ்வளவென்று விலை கொடுத்து வாங்கிய தோலை மேசைமீது விரித்து, டையை எவ்விதம் திருப்பி வைத்தால் கழிவு குறையும் என்று கணக்கிடுவதைப் போலவே, லென்ஸ் தரும் ஒளி வட்டத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பதினாறுக்கு ஒன்பது என்னும் தொலைக்காட்சிச் சட்டம் வட்டத்தின் பரப்பில் 54.4 சதவீதத்தையும், இன்றைய பெரும்பாலான காமிராக்களின் மூன்றுக்கு இரண்டு என்னும் சட்டம் 58.8 சதவீதத்தையும், நான்குக்கு மூன்று என்னும் சட்டம் 61.1 சதவீதத்தையும் பயன்படுத்துகின்றன, சதுரமோ 63.7 சதவீதத்தைப் பயன்படுத்துகிறது. வட்டத்துக்குள் வரையத்தக்க நீள்சதுரங்கள் அனைத்திலும் பரப்பு மிகுந்தது சதுரமே என்பது பள்ளிக்கூடக் கணிதம்.

அப்படியானால் மூன்றுக்கு இரண்டு எங்கிருந்து வந்தது? 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவை அமைத்த ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்காக உற்பத்தியான 35 மில்லிமீட்டர் பிலிமை எடுத்துக்கொண்டு, 18க்கு 24 மில்லிமீட்டராக இருந்த சினிமாச் சட்டத்தை இரட்டித்து 24க்கு 36 ஆக்கினார். இருபுறத் துளைகளுக்கு நடுவே 24 மில்லிமீட்டரே கிடைத்தமையால், படத்தைப் பெரிதாக்க விரும்பியவருக்கு நீளவாக்கில் செல்வதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. பிற்காலத்து எஸ்எல்ஆர் காமிராக்களில் மேலெழும் கண்ணாடியும் படத்தின் உயரத்துக்கு ஓர் எல்லை கட்டியது. இன்று பிலிம் இல்லை, துளைகள் இல்லை, மிரர்லெஸ் காமிராக்களில் அந்தக் கண்ணாடியும் இல்லை. காரணங்கள் மறைந்த பின்னும் அவற்றின் விளைவான வடிவம் மட்டும் நிலைத்திருக்கிறது.

டிஜிட்டல் காமிராவின் ஆதி வடிவம் சதுரமாகவே இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிராவின் சென்சார் நூற்றுக்கு நூறு என்ற கணக்கில் பதினாயிரம் புள்ளிகள் கொண்டது. 2006இல் ஹாசல்பிளாட் தன் பழைய காமிராக்களின் முதுகில் பொருத்துவதற்காக வெளியிட்ட சிஎப்வி என்னும் டிஜிட்டல் பகுதியும் ஏறக்குறைய 37 மில்லிமீட்டர்ச் சதுரமே. ஆனால் அதே நிறுவனம் பழமையின் சாயலோடு இன்று விற்கும் 907எக்ஸ் காமிராவில் இருப்பது 43.8க்கு 32.9 மில்லிமீட்டர் நீள்சதுரம்.

சதுர சென்சாரின் பெருமையை உணர நாம் வெளிநாட்டை நோக்க வேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1986இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் வானியலார் பயன்படுத்திய சிசிடி சென்சார், 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட சதுரம். ஒவ்வொரு புள்ளியும் 24 மைக்ரான் அகலம். எனவே அதன் பக்கம் 24.6 மில்லிமீட்டர். அது ஒருமுறையில் காணும் வானத் துண்டு, பக்கத்துக்குச் சுமார் 11 கலை, அதாவது முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆகாயத்துக்குத் தரை என்றும் கூரை என்றும் இல்லை. நட்சத்திரக் கூட்டத்துக்கு நிற்கும் கோலமும் படுத்த கோலமும் இல்லை. தொலைநோக்கியின் அச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் தெளிவு ஒரே அளவாக இருப்பதனால், அந்தத் தெளிவில் எதையும் வீணாக்க விரும்பாத விஞ்ஞானிக்குச் சதுரமே இயல்பான வடிவமாயிற்று.

சதுரத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஆட்சேபங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். 24க்கு 36 சட்டத்துக்கு உரிய வட்டத்தின் விட்டம் 43.3 மில்லிமீட்டர், அதில் அடங்கும் சதுரத்தின் பக்கம் 30.6 மில்லிமீட்டர். ஆதலால் ஷட்டரின் திரை கால் பங்குக்கு மேல் அதிக தூரம் ஓட வேண்டும்; வரிசை வரிசையாகப் படிக்கப்படும் சென்சாரில் வரிசைகளும் மிகும்; விரைந்து ஓடும் பொருள் சாய்ந்து பதியும் குறையும் சற்றுக் கூடும். வீடியோவுக்கு அகலமான சட்டமே தேவை. சில லென்ஸ்களின் பின்புறத்திலும் முன்மூடியிலும் நீள்சதுரத்துக்கென்றே வெட்டிய மறைப்புகள் ஒளியைத் தடுக்கக்கூடும். இவை மெய்யான தடைகளே. ஆனால் பொறியியலார் தீர்க்கக்கூடிய தடைகள். இப்போதுள்ள காமிராவில் சதுரத்தைத் தெரிவு செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் கணக்கே விடை சொல்லும்: 24க்கு 36லிருந்து 24க்கு 24ஐ வெட்டும்போது சென்சாரில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது, மெய்யான சதுர சென்சாரோ அதே லென்ஸைக் கொண்டு 24க்கு 36ஐவிட 8 சதவீதம் அதிகப் பரப்பைத் தரும்.

இது வெறும் ஆசையன்று என்பதற்கு 2025இல் வந்த ஐபோன் 17 சாட்சி. அதன் முன்பக்கக் காமிராவில் சதுர சென்சார் வைக்கப்பட்டிருப்பதனால், கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலமான குழுப்படம் எடுக்க முடிகிறது. மார்பளவுக் காமிராவை ஏந்திய ஸ்டூடியோக்காரருக்கு அன்று கிடைத்த அதே அனுகூலம், அதே காரணத்தால், இன்று கைபேசிக்குக் கிடைத்திருக்கிறது. கைபேசி செய்பவர்கள் கண்டுகொண்ட இதனை, பழமையின்மீது பற்று என்று சொல்லிக் காமிரா விற்பவர்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை. முன்னோரின் கருவியை மதிப்பதென்பது அதன் தோற்றத்தைப் பிரதி செய்வதோடு நின்றுவிடலாகாது. அது எந்தச் சிக்கலைத் தீர்த்ததோ அந்தத் தீர்வையும் கைக்கொள்வதே மெய்யான மதிப்பு. 30 மில்லிமீட்டர்ச் சதுர சென்சார் தாங்கிய ஒரு காமிராவை எந்த நிறுவனம் முதலில் செய்கிறதோ, அதுவே பழமையைச் சரியாகக் கற்றது என்று நான் கொள்வேன்.