ஸ்பிரிங் மாற்றிய பின் கார் ஒரு பக்கம் சாய்கிறதா? தாழ்ந்த பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள்

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் காரைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுவது நம் பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம். அதற்காகப் போடுவதுதான் லோவரிங் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கை விட நீளம் குறைவு, கடினம் கூடுதல். பெரும்பாலும் 25 முதல் 40 மி.மீ. வரை கார் இறங்கும். போட்ட மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கியிருக்கும். அங்கேதான் தலைவலி தொடங்குகிறது.

லூனாசில் இருக்கும் என் அக்கா மகனுக்கும் இதேதான் நடந்தது. கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை. தினமும் மைவியில்தான் போய் வருகிறான். "மாமா, வலது பக்கம் இறங்கிப் போச்சு. ஸ்பிரிங் செட்டே சரியில்லையாம், வேற வாங்கச் சொல்றாங்க" என்றான். ஒரு மாதச் சேமிப்பு ஏற்கெனவே அதில் போயிருந்தது. "வாங்காதே, முதல்ல டேப்பை எடுத்துட்டு வா" என்றேன்.

அளப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் இடம் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாகத்தான் இருக்கும். தோட்டத்து வீட்டு வாசலைக் கேட்கவே வேண்டாம். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காரில் யாரும் இருக்கக் கூடாது, பூட்டில் சாமான் இருக்கக் கூடாது. ஜேக்கில் தூக்கி இறக்கிய காராக இருந்தால் சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, நான்கு மூலையிலும் கையால் அழுத்தி விட்ட பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு காரை முழுதாக இறங்க விடாது.

தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். அப்போது டயர் தேய்மானமும் காற்றுக் குறைவும் கணக்கில் வராது. பிறகு காரை அதே இடத்தில் திருப்பி நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். தாழ்ந்த பக்கம் மாறிவிட்டால் குற்றம் தரையில்தான்.

5 மி.மீ. வித்தியாசம் பெரிய விஷயமில்லை. புதிய காரிலேயே அந்த அளவு இருக்கலாம். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் சற்று அமரும் என்பதும் உண்மை. ஆனால் 10 மி.மீ.க்கு மேல் போனால் அது தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அக்கா மகனின் காரில் முன்பக்கம் இடது 332 மி.மீ., வலது 322. பின்பக்கம் இரண்டும் ஏறக்குறைய சமம். எல்லோரும் தாழ்ந்திருந்த வலது ஸ்பிரிங்கையே சந்தேகப்பட்டார்கள். வேலை நடந்த அன்று வேறு என்ன மாற்றினார்கள் என்று கேட்டேன். இடது லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்ததால் அந்தப் பக்கம் மட்டும் புது ஆர்ம் போட்டதாகச் சொன்னான். விஷயம் அங்கேதான் இருந்தது.

லோவர் ஆர்ம் என்பது சக்கரத்தை காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை. அது உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அதன் ரப்பர் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியே இருக்கும், சுழலாது, முறுக்கிக்கொள்ளும். காரைத் தூக்கி வைத்து, சக்கரம் கீழே தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், தொங்கும் அந்த நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். கார் தரைக்கு வந்ததும் ரப்பர், ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் முறுகி, சக்கரத்தை மீண்டும் கீழே தள்ளப் பார்க்கும். அந்தப் பக்கம் கார் உயர்ந்து நிற்கும். வலது தாழவில்லை, இடதுதான் தூக்கிக்கொண்டு நின்றது.

வேறொரு பட்டறையில் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில் மறுபடி இறுக்கினோம். இடது 326, வலது 323. அரை மணி நேர வேலை, ஒரு புதுப் பொருளும் வாங்கவில்லை. முறுகிய நிலையிலேயே விட்டிருந்தால் புது புஷ்ஷும் சீக்கிரம் கிழிந்திருக்கும். இன்னும் பலர் பிரியமாக வைத்திருக்கும் புரோட்டான் வீராவில் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். அதன் பின்பக்கம் பல கைகள் கொண்ட அமைப்பு. கைக்குக் கை புஷ் உண்டு.

புஷ்ஷில் குறை இல்லையென்றால் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் கம்பியின் நுனி, தாங்கும் தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும். படிமீது ஏறி நின்றால் அந்தப் பக்கம் உயரும். மேலும் கீழும் இருக்கும் ரப்பர் வட்டத்தை ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் மறந்துவிடுவதும் உண்டு. சில செட்டுகளில் இடது, வலது ஸ்பிரிங் வேறு வேறு. கம்பியில் அச்சிட்ட எண்ணைப் படித்தால் தெரியும். எழுத்து தலைகீழாக இருந்தால் ஸ்பிரிங்கும் அநேகமாகத் தலைகீழாகத்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்கையே சந்தேகித்தால் எண் ஒன்றாக இருக்கும் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். தாழ்வு ஸ்பிரிங்கோடு சேர்ந்து மறுபக்கம் போனால் ஸ்பிரிங் குற்றம். கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேட்கலாம். தாழ்வு அதே பக்கத்தில் நின்றால் காரில்தான் கோளாறு. மைவியின் பின்பக்க ஸ்பிரிங் அப்சோர்பரிலிருந்து தனியாக இருப்பதால் அங்கே இது சுலபம். முன்பக்கம் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். அது நழுவினால் உயிருக்கே ஆபத்து; வீட்டில் முயல வேண்டாம். வெறும் ஜேக்கை நம்பி காருக்கு அடியில் போவதும் வேண்டாம்.

செலவை மிச்சம் பிடிக்க கம்பெனி ஸ்பிரிங்கையே வெட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டுவது கடினம். அதைவிட மோசம், வெட்டிய நுனி தட்டில் சரியாக உட்காராது. குழியில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு விலகலாம். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போட்ட அன்றே சாய்வது வேறு, மாதங்கள் கழித்துச் சாய்வது வேறு. செம்பனை லாரிகள் பள்ளம் பறித்த தோட்டத்துச் செம்மண் சாலையில் இறக்கிய கார் ஓடினால், ஸ்பிரிங் நுனி உடையலாம், ஆர்ம் வளையலாம். பின்னாளில் வரும் சாய்வுக்கு அங்கிருந்துதான் தேட வேண்டும். செகண்ட் ஹேண்ட் காராக இருந்தால் பழைய விபத்தில் அடிச்சட்டமே கோணலாகியிருக்கலாம். அதனால்தான் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்பே நான்கு மூலையையும் அளந்து எழுதி வைக்கச் சொல்கிறேன். இரண்டு நிமிட வேலை. பட்டறையில் யாரும் செய்வதில்லை.

உயரம் சரியானதும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இறங்கிய காரில் சக்கரக் கோணம் மாறி, டயரின் உள் விளிம்பு வெளியே தெரியாமலே தேயும். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லிவிடுவதும் நல்லது. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கை இரும்புக் கடைக்குப் போடாமல் வையுங்கள். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை உண்டு. அன்று அது தேவைப்படலாம்.