நிரல் வானொலிகளைக் கம்பியால் இணைத்துச் சோதித்தல்

ஒரு வானொலிக் கருவி எந்த அலைவரிசையில் இயங்கும், எவ்வகைப் பண்பேற்றத்தை ஏற்கும் என்பன அதனுள் அமைந்த சுருள்களாலும் மின்தேக்கிகளாலும் நிர்ணயிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அவ்வேலையிற் பெரும்பகுதியைக் கணிப்பொறியில் ஓடும் நிரல் ஏற்றுக்கொண்டுள்ளது. வானலையை எண்களாக மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்றும், அவ்வெண்களைக் கையாளும் மென்பொருளும் சேர்ந்தால், காலையில் பண்பலை நிகழ்ச்சியைக் கேட்கும் கருவியே மாலையில் விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் இருப்பிடக் குறிப்புகளைப் பெறும் நிலையமாகிவிடுகிறது. ‘சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ’ எனப்படும் இதனை இக்கட்டுரையில் நிரல் வானொலி என்று குறிப்போம். தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட மலிவான யு.எஸ்.பி. துண்டுகளே இதற்குப் போதும் என்பது 2012ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்தது. அதன்பின் கல்லூரிப் பரிசோதனைச்சாலைகளிலும் இவை இடம்பெற்றன.

இரு நிரல் வானொலிகளை வைத்துக்கொண்டு, ஒன்று அனுப்புவதை மற்றொன்று பெறுகிறதா என்று பார்க்க விரும்புவோர் பலர். ஆன்டெனாக்களை மாட்டிச் செய்வது எளிது. ஆயினும் அது முறையன்று. உரிமம் தேவையில்லை என்று விடப்பட்ட சில அலைவரிசைகள் நீங்கலாக, ஏனையவற்றில் அனுமதியின்றி அலைபரப்புவது நம் நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். செயற்கைக்கோள் வழிகாட்டலுக்குரிய 1575.42 மெகாஹெர்ட்ஸில் விளையாட்டாக ஒரு சோதனை அலையை வெளியிட்டாலும் அக்கம்பக்கத்துக் கருவிகள் வழிதவறக்கூடும். அளவீட்டு நோக்கிலும் வான்வழிச் சோதனை நம்பத்தக்கதன்று. அறையில் ஒருவர் எழுந்து நடந்தாலே பெறும் வலிமை மாறிவிடும். ஆதலால் கம்பி வழியே இணைப்பதுதான் சரியான வழி. ஆனால் அக்கம்பியே பல கருவிகளுக்கு எமனாகவும் ஆகியிருக்கிறது.

காரணத்தை எண்களால் விளக்குவதே தெளிவு. வானொலித் துறையில் ஒரு மில்லிவாட் ஆற்றலை 0 டி.பி.எம். என்பர். பத்து டெசிபெல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. முப்பது கூடினால் ஆயிரம் மடங்கு. ஆன்டெனா பெற்றுத்தரும் தொலைதூர அலை −100 டி.பி.எம். அளவில் இருத்தல் சாதாரணம். அது ஒரு மில்லிவாட்டில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணிய அலையை நுகரவென்றே ஏற்பியின் முதல் உறுப்பு அமைக்கப்பட்டுள்ளது. ஹேக்ஆர்எஃப் ஒன் என்னும் கருவி அலைபரப்பும்போது, அலைவரிசையைப் பொறுத்து, 15 டி.பி.எம். வரை, அதாவது ஏறத்தாழ 30 மில்லிவாட், தரவல்லது. அதே கருவி பெறும்போது தாங்கும் எல்லையோ −5 டி.பி.எம். மட்டுமே. இவ்வகைக் கருவிகள் இரண்டை நேரே ஒரு கம்பியால் இணைத்தால் எல்லையைப்போல் நூறு மடங்கு ஆற்றல் ஏற்பியிற் பாயும். யு.எஸ்.ஆர்.பி. பி-200 வகைக் கருவியின் எல்லை இன்னும் குறைவு: −15 டி.பி.எம்.

“அனுப்பும் வலிமையை நிரலிலேயே குறைத்து வைத்துவிட்டால் போதாதோ?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இவ்விடத்தில்தான் ஆசிரியர் உறுதியாக நிற்க வேண்டும். நிரலில் எழுதிய எண் ஒரு விருப்பமே, பாதுகாப்பன்று. பூச்சியம் ஒன்று கூடுதலாக விழலாம். நேற்று வேறொருவர் விட்டுச்சென்ற அமைப்போடு நிரல் தொடங்கலாம். ஹேக்ஆர்எஃப் கருவியை ஆக்கியோரின் குறிப்பு இதற்கு நல்ல சான்று. ஏற்பியின் முன்பெருக்கி அணைக்கப்பட்டிருக்குமாயின் அக்கருவி 10 டி.பி.எம். வரை தாங்கும் என்று அவர்களே கூறுகின்றனர். ஆயினும் நிரலில் நேரும் சிறு பிழையோ பயன்படுத்துவோரின் கைத்தவறோ அப்பெருக்கியை இயக்கிவிடக்கூடும் என்பதால், அதை நம்பாமல் வெளியே தணிப்பான் பொருத்துமாறு அறிவுறுத்துகின்றனர். எந்தத் தவறான எண்ணைக் கொடுத்தாலும் கருவி பிழைத்திருக்குமாறு காப்பு கம்பியிலேயே அமைய வேண்டும்.

தணிப்பான் என்பது மின்தடைகள் சிலவற்றை அடக்கிய விரல்நுனி அளவுள்ள உலோகக் குழல். (மொழிபெயர்ப்பில் எச்சொல்லை வழங்கினும், கடையில் அட்டெனுவேட்டர் என்று கேட்டால்தான் கிடைக்கும்.) யு.எஸ்.ஆர்.பி. கருவியாளர், தம் கருவியின் வெளியீட்டை உள்ளீட்டோடு இணைக்கையில் 30 டெசிபெல்லேனும் தணிக்க வேண்டும் என்கின்றனர். ஆனால் ஹேக்ஆர்எஃப் கருவியின் 15 டி.பி.எம். முப்பது டெசிபெல் தணிந்தால் −15 ஆகும். அது பி-200இன் எல்லையிலேயே வந்து நிற்கிறது. ஆகவே பலவகைக் கருவிகள் கலந்து புழங்கும் பரிசோதனைச்சாலையில் 40 அல்லது 50 டெசிபெல் என்று வழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. ஏற்பி நுண்ணியதாதலின் அதனால் நட்டம் ஒன்றுமில்லை. தணிப்பானை அலைபரப்பும் வாயிலிலேயே திருகி, கழற்றலாகாது என்று சீட்டு ஒட்டி வைக்கலாம். அவ்வாறு செய்தால் கம்பியின் மறுமுனை எங்கே மாட்டப்பட்டாலும் காப்பு உடன் செல்லும்.

களப்பணியாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையடக்க வாக்கி-டாக்கி 5 வாட் தருவது. அது 37 டி.பி.எம். அதனை 30 டெசிபெல் தணிப்பான் வழியே செலுத்தினால் எஞ்சுவது 7 டி.பி.எம்.; இதுவும் கருவியைக் கெடுக்கப் போதுமானது. அன்றியும் தணிக்கப்பட்ட ஆற்றல் மறைந்துவிடுவதில்லை. அந்த ஐந்து வாட்டும் ஏறக்குறைய முழுவதும் முதல் தணிப்பானில் வெப்பமாகிறது. சிறிய தணிப்பான்கள் பல 2 வாட்டுக்கு மேல் தாங்கா. கருகிய தடையின் மதிப்பு எவ்வாறு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவே முதலாவது 10 வாட்டுக்கு மேல் தாங்குவதாகவும், மொத்தத் தணிப்பு 60 டெசிபெல்லுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

வானலைக்கு அப்பால், கம்பியில் நேர்மின்சாரமும் ஒளிந்திருக்கலாம். செயற்கைக்கோள் வழிகாட்டு ஏற்பிகள் தம் ஆன்டெனாவிலுள்ள பெருக்கிக்கென்று 3 முதல் 5 வோல்ட் வரை அதே வாயிலில் அனுப்புவது வழக்கம். நிரல் வானொலிகள் சிலவற்றிலும் இவ்வசதி உண்டு; ஹேக்ஆர்எஃப் 3.3 வோல்ட் தரும், அதுவும் நிரலின் ஒரு கட்டளையால். தணிப்பானுள் உள்ள தடைகள் நேர்மின்சாரத்தைத் தடுப்பதில்லை. அதை நிலத்துக்கு இழுத்துக் கருவிக்குச் சுமையேற்றுகின்றன. இதற்கு டி.சி. பிளாக் என்னும் தடுப்பியை, மின்சாரம் வரும் வாயிலுக்கும் தணிப்பானுக்கும் இடையே பொருத்த வேண்டும்.

நம் நாட்டுக் கட்டடங்களில் மிகுதியாகக் காணப்படும் இடர் எர்த் இணைப்பைப் பற்றியது. எர்த் இல்லாத செருகியில் மாட்டிய மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் இலேசாகச் சுருக்கென்பதைப் பலர் உணர்ந்திருப்பர். அதன் மின்வழங்கியிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகளால், உடற்பகுதி மின்வாரியத்தின் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது, மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் இரு கணினிகளோடு சேர்ந்த இரு வானொலிகளை இணைக்கும் கணத்தில் கம்பியின் நடுமுள் முதலில் தொடுமாயின், அவ்வழுத்தம் ஏற்பியின் முதல் உறுப்பு வழியே இறங்கும். இரு கணினிகளையும் எர்த் உறுதியாக உள்ள ஒரே மும்முனைப் பலகையில் மாட்டலாம். இல்லையேல் மின்வழங்கிகளைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டலாம். இணைத்து முடிந்த பின்பே அலைபரப்பைத் தொடங்க வேண்டும். கழற்றும்போது அலைபரப்பை நிறுத்திய பின்பே திருகில் கை வைக்க வேண்டும்.

இணைப்பிகளைப் பற்றிச் சிறிதளவே கூற வேண்டியுள்ளது. வைஃபை ஆன்டெனாக்களுக்குரிய தலைகீழ் எஸ்.எம்.ஏ. இணைப்பி சாதாரண எஸ்.எம்.ஏ.யில் அழகாகத் திருகிக்கொள்ளும். ஆனால் முள் தொடாது, அல்லது முள்ளோடு முள் மோதி முறியும். உட்புறத்தைக் கண்ணால் பார்த்தே பொருத்துக. தொலைக்காட்சிக்குரிய 75 ஓம் கம்பியை 50 ஓம் கருவியோடு இணைத்தால் ஆற்றலில் 4 சதவீதம் எதிரொளிக்கும்; கருவிக்கு ஆபத்தில்லை, அளவீடு சற்றுப் பிசகும்.

கருவி கெடவில்லை என்பதனால் அளவீடு சரியென்று ஆகிவிடாது. எல்லைக்குக் கீழேயும் ஏற்பி திணறி, இல்லாத அலைகளைத் திரையிற் காட்டக்கூடும். ஐயமெழுந்தால் ஏற்பியின் முன் மேலும் 10 டெசிபெல் தணிப்பானைச் சேர்த்துப் பார்க்க. மெய்யான அலை 10 டெசிபெல் தாழும். மூன்றாம் வரிசைக் கலப்பால் ஏற்பியுள் பிறந்த பொய்யலை ஏறத்தாழ 30 டெசிபெல் தாழும்.

கம்பியின் வழியே வருவதுதான் திரையில் தெரிகிறதா என்பதையும் ஒருமுறை ஆராய வேண்டும். அலைபரப்பும் பக்கத்தில் தணிப்பானை விட்டுவைத்து, ஏற்பியின் பக்கம் மட்டும் கம்பியைக் கழற்றி, அதன் வாயை 50 ஓம் மூடியால் அடைத்துவிடுக. திரையில் அலை மறைய வேண்டும். சிறிதே குறைந்து நிற்குமாயின் அது காற்றின் வழியே கசிந்து வருகிறது. இரட்டைப் பின்னல் உறையுள்ள கம்பியும், கருவிகளுக்கிடையே சில அடி தூரமும் பெரும்பாலும் இதனைத் தீர்க்கும். பிளாஸ்டிக் உறையிலுள்ள யு.எஸ்.பி. துண்டாயின், மூடி இறுகப் பொருந்தும் பிஸ்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றில் வைத்துச் சோதிக்கலாம். ஆன்டெனா வாயிலின் உலோக உறை பெட்டியின் சுவரை நன்கு தொட வேண்டும், யு.எஸ்.பி. கம்பி நுழையும் துளையும் சிறிதாக இருத்தல் வேண்டும். அக்கம்பியும் ஓர் ஆன்டெனாவாக வேலை செய்வதால், துளையை ஒட்டி அதன்மேல் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டிய பின்னரே கசிவை மீண்டும் அளந்து பார்க்க.