பலகை முகத்தில் பீடிங் கடைதல்

பலகை முகத்தில் பீடிங் கடைதல் என்பது, கடைசல் இயந்திரத்தில் (லேத்) சுழலும் வட்டப் பலகையின் தட்டையான முகத்தில் அரைவட்டப் புடைப்புள்ள வளையங்களை உளியால் உருவாக்கும் மரவேலை ஆகும். மரத்தட்டு, பெட்டி மூடி, கடிகாரச் சட்டம் போன்றவற்றில் இவ்வளையங்கள் அலங்காரமாக இடம்பெறுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கட்டப்பட்ட வீடுகளில், கதவு, சன்னல் சட்டங்களின் மூலையில் பதித்த சதுரக் கட்டைகளிலும் இவற்றைக் காணலாம். தொழிற்சாலைகளில் அவை, வளையங்களின் வடிவிலேயே தீட்டிய கத்தியை ஒரே அழுத்தில் இறக்கி வெட்டப்பட்டன. கையால் கடையும்போது ஒவ்வொரு வளையமும் தனி வேலை.

கால் கடைவதிலிருந்து வேறுபாடு

கட்டில் கால், தொட்டில் கம்பு ஆகியவற்றைக் கடையும்போது மரத்தின் இழை, சுழலும் அச்சுக்கு இணையாக ஓடும். அங்கே சாய்ந்த வாயுள்ள தட்டை உளியை உருட்டி பீடிங் வெட்டுவர். பலகையிலோ இழை அச்சுக்குக் குறுக்காக ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு வளையத்தின் சுவரிலும் எதிரெதிரான இரண்டு இடங்களில் இழையின் வெட்டுமுனை வெளிப்படும். மரம் பிய்வது பெரும்பாலும் அவ்விடங்களை ஒட்டித்தான். கால் கடைந்து பழகிய கை, அதே உளியை அதே விதமாகப் பலகை முகத்தில் உருட்டினால் உளி மரத்தைக் கடித்துக்கொள்ளும். அரை நாள் வேலை ஒரு நொடியில் சிதறிப்போகும். இங்கு சிறிய குழி உளியோ, வளைய வடிவில் தீட்டிய சுரண்டும் உளியோதான் ஏற்றது.

வேகமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. 20 செ.மீ. விட்டமுள்ள பலகை நிமிடத்துக்கு 1000 முறை சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 10.5 மீட்டர் வேகத்தில் ஓடும். மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் அதில் பாதி. நட்டநடுவில் வேகமே இல்லை. எனவே நடுவை நெருங்க நெருங்க உளியை மெதுவாகத் தள்ள வேண்டும்.

குறித்தலும் கடைதலும்

பலகையைப் பின்புறமிருந்து முகத்தட்டில் திருகாணியால் பொருத்துவர். திருகாணி மரத்துக்குள் எவ்வளவு நுழைந்துள்ளது என்பதை முன்பே அளந்து வைப்பது அவசியம். உளி அதைத் தொட்டால் உளிக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. உளி தாங்கியை வைத்தபின் பலகையைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்த்த பிறகே மின்விசையைப் போட வேண்டும்.

முகத்தைச் சமமாக்கியபின் டிவைடரால் வளைய எல்லைகள் குறிக்கப்படுகின்றன. கடைபவர் பலகையின் முகத்தைப் பார்த்து நிற்கையில், இடப்பக்க மரம் கீழ்நோக்கி இறங்கும். வலப்பக்க மரம் மேலே ஏறும். டிவைடரின் இடக்கால் மட்டுமே மரத்தைத் தொட வேண்டும். வலக்கால் பட்டால் ஏறும் மரம் அதைத் தூக்கி எறியும். இடக்கால் கீறிய வட்டம் வலக்காலின் நேர்கீழே வரும்வரை சிறிது சிறிதாக நகர்த்தினால் அளவு சரியாகும்.

அடுத்து ஒவ்வோர் எல்லையிலும் V வடிவப் பள்ளம் இறக்கப்படுகிறது. 6 மி.மீ. அகல வளையம் முழு அரைவட்டமாக அமைய 3 மி.மீ. ஆழம் வேண்டும். வளையத்தின் உச்சியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து பள்ளத்தை நோக்கி இருபுறமும் உருட்டி இறக்குவர். பள்ளத்திலிருந்து உச்சிக்கு ஏற்றி வெட்டினால் இழை கிழியும். அந்தப் பென்சில் கோடு கடைசிவரை அழியாதிருந்தால் எல்லா வளையங்களும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு வளையம் தாழ்ந்தாலும் பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். வளையம் பலகைப் பரப்புக்கு மேலே எழும்பி நிற்க வேண்டுமானால், தொடக்கத்திலேயே அந்த அளவு கூடுதல் தடிமன் விட்டிருக்க வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை.

மரமும் மெருகும்

நெருக்கமான இழையுள்ள மரமே கூர்மையான விளிம்பைத் தாங்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணக் கடைசல் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை அத்தகையது. தேக்கில் துளைகள் பெரியவை என்பதால் மெல்லிய வளையங்கள் உதிரக்கூடும்.

உப்புத்தாளை நம்பி உளிவேலையை அரைகுறையாக விடுவது பரவலான பழக்கம். தாள் உச்சியைத் தட்டையாக்கும்; பள்ளத்துக்குள் நுழையாது. மடித்த தாளின் ஓரத்தால், லேசான அழுத்தத்துடன், தூசி முகமூடி அணிந்து தேய்ப்பதே போதுமானது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு சுழலும் மரத்தில் வைக்கக் கூடாது; துணி சிக்கினால் விரலும் சேர்ந்து போகும்.

நன்கு உலராத பலகை, கடைந்த பிறகும் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு என்பதால் வட்ட வளையங்கள் சில மாதங்களில் நீள்வட்டமாகிவிடும். இதைத் தவிர்க்க, தோராயமாகக் கடைந்த பலகையைச் சில வாரங்கள் நிழலில் வைத்திருந்து, முகத்தை மீண்டும் சமமாக்கிய பிறகே பீடிங் வேலையைத் தொடங்குகின்றனர்.