முதல் சீண்டலுக்கு என்ன தண்டனை?

2006 ஜூலை 9, பெர்லின். உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 110-வது நிமிடம். பிரான்ஸ் கேப்டன் இத்தாலியத் தடுப்பாட்டக்காரரின் நெஞ்சில் தலையால் முட்டியதும், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதும் கால்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரிந்த கதை. பிறகு நடந்த விசாரணைதான் பலருக்கு நினைவில்லை. முட்டியவருக்கு மூன்று ஆட்டத் தடை, 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். வாயால் சீண்டியவருக்கும் இரண்டு ஆட்டத் தடை, 5,000 ஃபிராங்க் அபராதம்.

சீண்டலும் குற்றம்தான் என்று ஃபிஃபாவே ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. ஆனால், அது வந்தபோது பெனால்ட்டியில் 5-3 என வென்ற இத்தாலி கோப்பையோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ஆடுகளத்தில் தண்டனை அனுபவித்தது ஒரு தரப்பு மட்டுமே.

1998 உலகக் கோப்பையில் பிரான்ஸின் செயின்ட் எட்டியனில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். பின்னாலிருந்து இடித்துத் தள்ளிய அர்ஜென்டினா வீரருக்கு மஞ்சள் அட்டை. தரையில் கிடந்தபடி காலை வீசிய இங்கிலாந்து இளைஞருக்குச் சிவப்பு. பத்துப் பேரோடு போராடி, பெனால்ட்டியில் தோற்றது இங்கிலாந்து. லண்டனில் அந்த இளைஞரின் உருவபொம்மையைத் தொங்கவிட்டார்கள். இடித்தவரை யாரும் பெரிதாகத் திட்டவில்லை.

காரணம் எளிது. முதல் அடி விழும்போது நடுவரின் பார்வை பெரும்பாலும் பந்தின் மேல் இருக்கிறது. சத்தம் கேட்டுத் திரும்பினால், இரண்டாவது அடிதான் கண்ணில் படுகிறது. வசை பேசினால் சிவப்பு அட்டை காட்ட வேண்டும் என்று கால்பந்தின் விதி 12 சொல்கிறது. காதில் விழாத வசைக்கு யார் அட்டை காட்டுவது? 2018 உலகக் கோப்பையில் வந்த வீடியோ உதவி நடுவர் முறை, ஒளித்துக் குத்திய முழங்கையைக் கண்டுபிடிக்கும். காதோரம் சொன்ன வார்த்தையைக் கண்டுபிடிக்காது.

அந்த வீடியோகூட இல்லாத நம் பள்ளி, மாவட்ட மைதானங்களை நினைத்தால்தான் கவலை கூடுகிறது. கார்னர் எடுக்கும் நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள், கிள்ளுவார்கள். அம்மாவை, அக்காவை, சில ஊர்களில் சாதியையும் இழுத்துப் பேசுவார்கள். இரண்டு முறை பொறுத்துக்கொண்ட பையன் மூன்றாவது முறை எட்டி உதைக்கிறான். சிவப்பு அட்டை. “உன்னாலதான்டா போச்சு” என்று சொந்தக் கோச்சே திட்டுகிறார். எதிரணியில் சீண்டியவனை முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். அன்றைக்கு இருவருமே பாடம் கற்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் செய்தால் அது திறமை என்று ஒருவன். மைதானத்தில் நியாயம் கிடைக்காது, கேட்டுக்கு வெளியே பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவன். சாதிப் பேச்சில் தொடங்கிய பகை கேட்டோடு நிற்பதில்லை; தெருவரை, ஊர்வரை போகிறது.

உரசலும் கோபமும் இல்லாமல் விளையாட்டு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. உரசலை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையனின் பிறப்பை இழிவாகப் பேசுவது எந்த விளையாட்டிலும் சேர்த்தியில்லை.

திருப்பி அடிப்பதை நியாயப்படுத்தவும் முடியாது. அடித்தவன் வெளியே போகத்தான் வேண்டும். ஆனால், அவனை மட்டும் அனுப்பிவிட்டு விவகாரத்தை முடித்துவிடக் கூடாது. வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை. மஞ்சள் அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஏழு பேர் ஆட்டத்தில் ஒருவர் குறைந்தால் அணிக்கே வலிக்கும். ரக்பியில் மஞ்சளுக்குப் பத்து நிமிடம். இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்திலும் நடுவரிடம் வம்பு பேசினால் பத்து நிமிடம் வெளியே என்ற விதியை 2019-20 பருவத்தில் கொண்டுவந்தார்கள். சீண்டலுக்கும் அதை நீட்டிப்பதில் என்ன தடை?

பள்ளிப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைகலப்பு நடந்தால், அட்டையை எடுக்கும் முன் கோட்டருகே நிற்கும் துணை நடுவர்களைக் கேளுங்கள். இரண்டு கேப்டன்களையும் அழைத்துப் பேசுங்கள். சாதி சொல்லிச் சீண்டியது உறுதியானால், அந்தப் பையனோடு அவனுடைய கோச்சையும் அந்தத் தொடரிலிருந்து வெளியேற்றுங்கள். முதல் சீண்டலைத் தண்டிக்காத வரை இரண்டாவது அடி விழுந்துகொண்டேதான் இருக்கும்.