மனச்சோர்வு சோம்பல் அன்று

நெற்பயிர் மஞ்சளித்துப் போனால், "பயிருக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று எந்த உழவரும் கூறுவதில்லை. வேரில் நீர் தேங்கிற்றா, சத்துக் குறைந்ததா, பூச்சி விழுந்ததா என்று ஆராய்ந்து பரிகாரம் தேடுகிறார். ஆனால் வீட்டில் ஒருவர் வாடி அமர்ந்துவிட்டால் மட்டும், "சோம்பேறி" என்றோ, "காற்றுக் கருப்பு" என்றோ கூறி வாளாவிருந்துவிடுகிறோம். பயிருக்குக் காட்டும் பரிவை மனிதருக்கும் காட்ட வேண்டாவா?

துயரமும் நோயும்

விளைச்சல் பொய்த்தால் வருந்துவதும், உற்றாரை இழந்தால் அழுவதும் இயற்கை. அத்துயரம் அலைபோல் வரும், போகும்; நடுவே பேரக் குழந்தையின் மழலை கேட்டால் முகம் மலரும். மனச்சோர்வு என்னும் நோய் அத்தகையதன்று. நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாட்களிலும், 2 வாரங்களுக்குக் குறையாமல் மனம் இருண்டு கிடப்பதும், முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போவதும் இதன் தலையாய அடையாளங்கள். தூக்கமும் பசியும் கெடுதல், தீராத அசதி, கவனச் சிதறல், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் ஆகியவையும் இவற்றுடன் சேரும்.

நாட்டுப்புறத்தில் இந்நோய் பெரும்பாலும் உடல் நோயின் வேடத்தில் வருகிறது. "மனம் சரியில்லை" என்று சொல்லக் கூசுபவர், "தலை கனக்கிறது, உடம்பெல்லாம் வலிக்கிறது" என்கிறார். ஊசியும் மாத்திரையும் மாறுகின்றன, கைப்பணம் கரைகிறது, அசதி மட்டும் நீங்குவதில்லை.

பரம்பரை, மூளையின் இயக்கத்தில் ஏற்படும் மாறுதல், கடன், இழப்பு, தனிமை, நீடித்த நோய், மதுப்பழக்கம் எனப் பல காரணங்கள் கூடி இதனை விளைவிக்கின்றன. பிள்ளை பெற்ற தாய்மாருக்குச் சில நாட்கள் கண்ணீர் பெருகுவது இயல்பே. 2 வாரங்களைக் கடந்தும் அது நீடித்தால் சிகிச்சை தேவை. தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் இதே அடையாளங்களைக் காட்டக்கூடும். ஆகவே உடற்பரிசோதனையும் அவசியம்.

எப்போது, எங்கே?

அடையாளங்கள் 2 வாரம் நீடித்தாலும், அன்றாட வேலை தடைப்பட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். 1996-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற மாவட்ட மனநலத் திட்டம், இச்சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

சாவைப் பற்றிப் பேசுவோர் விஷயத்தில் ஒரு நாளும் தாமதம் கூடாது. "அத்தகைய எண்ணம் வருகிறதா?" என்று அன்போடு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலைக்கு முயன்றவரை மிகுந்த மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே அச்சத்தால் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

சிகிச்சையின் இயல்பு

நோய் இலேசாயின் ஆலோசனையே பெரும்பாலும் போதும். கடுமையாயின் மருந்தும் வேண்டும். இம்மருந்துகள் போதைப் பொருள்கள் அல்ல. ஆயினும் விதைத்த மறுநாளே முளை தோன்றாததுபோல, இவற்றின் பயன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். குணமான பின்னரும் சுமார் 6 மாதங்கள் தொடர்ந்து உட்கொள்ள நேரும். வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவது தவறு.

நோயுற்றவர் தாமே எழுந்து உதவி தேடுவது அரிது. எழ முடியாமையே அவருடைய நோய். ஆதலால் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர்கள் வீட்டாரும், அயலாரும், மகளிர் குழுவினரும், பள்ளி ஆசிரியருமே. "மனதைத் திடப்படுத்திக்கொள்" என்ற உபதேசத்தைக் காட்டிலும், "வாருங்கள், நானும் உடன் வருகிறேன்" என்ற ஒரு சொல் மிகுந்த பயன் தரும். அச்சொல்லைச் சொல்லப் பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.