விடிய விடிய ஒரு நாடகம்

சென்ற பங்குனி மாதத்தில், பத்து நாள் இடைவெளியில், நாம் இரண்டு நாடகங்களைப் பார்க்க நேர்ந்தது. ஒன்று சென்னையில், குளிர்சாதனம் பொருத்திய சபா மண்டபத்தில். மற்றொன்று புதுக்கோட்டைச் சீமையில், அம்மன் கோயில் திடலில். இரண்டையும் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொன்னால் பட்டணத்து நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். பாதகமில்லை. கோபித்துக்கொள்வதற்காகவாவது நாடகத்தைப் பற்றி நாலு பேர் பேசட்டும்.

சென்னை நாடகம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. நடிகர்கள் பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். இது பெருமைப்பட வேண்டிய மரபு. நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், 1891-ல், பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, படித்தவர்களை வேஷம் கட்ட வைத்தார் அல்லவா? அந்த வழியில் வந்தவர்களே இவர்கள். வசனம் பிசகவில்லை, உடையிலும் குறையில்லை.

ஆயினும் ஒரு சிறு சம்பவம் நம் மனத்தை உறுத்தியது. தொலைபேசி மணி அடிக்க வேண்டிய கட்டத்தில் அது அடிக்கவில்லை. கதாநாயகர் மணி அடிக்காத தொலைபேசியை எடுத்து, "ஹலோ!" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மணி கணீரென்று அடித்தது. சபையில் ஒரே சிரிப்பு! மேடையில் இருந்தவர்களோ ஒன்றுமே நடவாததுபோல் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்கள். மணி பிந்தியதைக் குற்றமென்று சொல்லமாட்டோம். அதை மேடையில் ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லையே என்பதுதான் நமது குறை. யோசித்துப் பார்த்தால், அன்று மாலை முழுவதும் அவர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கவேயில்லை. தத்தம் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவே.

இனி, திடலுக்கு வருவோம்.

அங்கே நடந்தது வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த வழியில், ஸ்பெஷல் நாடகம் என்று தென் மாவட்டங்களில் வழங்கும் முறையில் நடப்பது. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் கூடத் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறவர்கள். பல சமயங்களில் மேடையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்! கதையும் பாட்டும் அனைவருக்கும் மனப்பாடம். தர்க்கம் மட்டும் அன்றன்று அங்கேயே பிறக்க வேண்டும்.

இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கியது. பபூனும் நடனக்காரியும் வந்து போன பிறகு, ஏறக்குறைய ஒரு மணிக்கு, கூட்டத்தில் பாதி எழுந்து போய்விட்டது. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். அந்த வேளையில்தான், வேலனாக வேஷம் கட்ட வேண்டியவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை என்ற செய்தி திரைக்குப் பின்னாலிருந்து கசிந்தது. வழியில் அவர் வந்த வண்டி பழுதாகிவிட்டதாம்.

தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆர்மோனியக்காரர் கண்ணைக் காட்டினார். அவ்வளவுதான், தர்க்கம் நீண்டது. இல்லறமா, துறவறமா என்று நாரதர் கேட்டார். மூவுலகும் சுற்றி ஓரிடத்திலும் தங்காதவருக்கு இல்லறத்தைப் பற்றி விசாரணை எதற்கு என்று வள்ளி மடக்கினாள். குறளிலிருந்து ஒரு கேள்வி, புராணத்திலிருந்து ஒரு பதில், நடுவே ஒரு விருத்தம் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. இடையே, உமது வேலன் வருவான் வருவான் என்கிறீரே, மயிலுக்குக் கால் சுளுக்கிக்கொண்டதோ என்று வள்ளி கேட்டாளே, பார்க்கலாம்! விஷயம் தெரிந்த கிழவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியில் வேலன் வந்தார். அரிதாரம் பூசும்போதே யாரோ அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். மேடை ஏறியதும் முதல் வார்த்தையாக, சுளுக்கியது மயிலின் கால் அல்ல, உன்னைத் தேடி நடந்த என் கால்தான் என்றார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட எழுந்துவிட்டன, அப்படி ஓர் ஆரவாரம்!

இந்தச் சமயோசிதத்தை வெறும் வேடிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய நாடகத்தைத் தடுத்த அன்னிய அரசாங்கம், மேடையில் அந்த க்ஷணத்தில் பிறப்பதை எப்படித் தடுக்கும்? தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் பாட்டிலே வெள்ளைக்காரனை விரட்டினார் விசுவநாத தாஸ். அதற்காகப் பல முறை சிறை சென்றார். 1940-ல் சென்னை மேடையில் முருகன் வேஷத்துடனேயே உயிர் நீத்தார். வேலன் வேஷம் அத்தகைய பரம்பரையை உடையது.

ஆனால் இந்த நடிகர்களின் பிழைப்பு திருவிழாக் காலத்தை நம்பியது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் நோய்த் தொற்றினால் திருவிழாக்கள் நின்றபோது, அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் பலர். மீண்டு வந்தவர்களிடம் இப்போது தர்க்கத்தைக் குறைத்துச் சினிமாப் பாட்டைக் கூட்டச் சொல்லுகிறார்கள் சில விழாக் கமிட்டியார். எதற்காக இந்த நாடகம் இருக்கிறதோ, அதையே வெட்டச் சொல்வது இது.

ஆகவே விழாக் கமிட்டியாருக்கு நமது விண்ணப்பம்: தர்க்கத்துக்கு நேரம் விடுங்கள். சென்னை சபாக்காரர்களுக்கு: வருஷத்தில் ஓர் இரவாவது இந்த நடிகர்களுக்கு மேடை கொடுங்கள், உங்கள் நடிகர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். நேயர்களுக்கு: பபூன் போன பிறகு எழுந்து போகாதீர்கள்.

விடியற்காலையில் திருமணம் முடிந்ததும் நாம் அந்த வள்ளியிடம் போய், "இன்றைய தர்க்கத்தை முன்பே யோசித்து வைத்திருந்தீர்களா, அம்மா?" என்று கேட்டோம். அவர் முகத்து அரிதாரத்தைத் துடைத்தபடி, "நாரதர் என்ன கேட்பார் என்று எனக்கு எப்படித் தெரியும், ஐயா? அவர் சொன்னதைக் கேட்டேன், பதில் வந்தது" என்றார்.

பிறகு அடுத்த ஊர் பஸ்ஸைப் பிடிக்க விரைந்து போனார்.