ரயில் சத்தத்தில் ரயிலை மறக்க முடியுமா? 1948-ல் பாரிஸில் தொடங்கிய பஞ்சாயத்து

இயர்போனில் ஒரு ஆடியோ ஓடுகிறது. முதலில் ஒரு விசில். அப்புறம் நீராவி இன்ஜினின் மூச்சு, தண்டவாளத்தில் சக்கரங்கள் தட்டும் தாளம். 'அட, இது ரயில்தானே?' என்று மனசு உடனே சொல்லிவிடும். கண் முன்னால் ஒரு ஸ்டேஷனும் வந்துவிடும்.

இந்தச் சத்தத்தை உருவாக்கியவருக்குத் தலைவலியாக இருந்ததே அதுதான்.

அவர் பியர் ஷேஃபர், பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த இன்ஜினீயர். 1948-ல் பாரிஸின் பாட்டிஞோல் ஸ்டேஷனுக்குப் போய் இன்ஜின்களின் சத்தத்தைப் பதிவு செய்தார். அதை வெட்டி, ஒட்டி, அடுக்கி மூன்று நிமிடங்கூட நிறையாத ஒரு இசைத்துண்டு ஆக்கினார். அதே ஆண்டு அக்டோபர் 5-ம் தேதி, 'இரைச்சல்களின் கச்சேரி' என்ற பெயரில் அது வானொலியில் ஒலிபரப்பானது. வயலின் கிடையாது, பாட்டு கிடையாது.

இந்த வகைக்கு அவர் வைத்த பெயர் 'மியூசிக் கான்க்ரெட்'. சிமென்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாளில் ஸ்வரங்களை எழுதி, பிறகு யாரையாவது வாசிக்க வைப்பது வழக்கமான முறை. இங்கே கையில் இருக்கும் நிஜ ஒலியிலிருந்தே வேலை தொடங்குகிறது. அதனால்தான் அந்தப் பெயர்.

கீறல் விழுந்த ரெக்கார்டு

ஷேஃபருக்கு வேண்டியது ரயில் அல்ல, அந்த ஒலியின் வடிவம் மட்டுமே. ஆனால் காது விடுமா? தன் ரயில் துண்டில் சில இடங்கள் நாடகம் போலவும், சில இடங்கள் இசை போலவும் நிற்பதை அவரே கவனித்தார். ரயில் வருது, போகுது என்று தோன்றினால் அது கதை. அதே துணுக்கு திரும்பத் திரும்ப வந்தால், கொஞ்ச நேரத்தில் ரயில் மறைந்து தாளம் மட்டும் மிஞ்சுகிறது.

அப்போது அவர் வேலை செய்தது டேப்பில் அல்ல, இசைத்தட்டில். தட்டின் வரித்தடத்தை ஒரு முழு வட்டமாக மூடிவிட்டால், ஊசி அதிலேயே சுற்றும். நம்ம ஊரில் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று கிண்டல் செய்கிற அதே விஷயம்தான். இன்றைக்கு மொபைல் ஆப்பில் 'லூப்' பட்டனை அழுத்துகிறோம். அவர் அதை வேண்டுமென்றே தட்டில் வெட்டினார்.

இன்னொன்று, கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். 'டாங்ங்ங்...' என்பதில் முதல் அடியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் மீதியில் மணி இருக்காது. ஏதோ ஊதுகுழல் மாதிரிக் கேட்கும். ஷேஃபர் தேவாலய மணியை வைத்து இதைச் செய்து பார்த்தார். ஒலியின் அடையாளம் பெரும்பாலும் அது தொடங்கும் கணத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது இப்படித்தான்.

'இது எதோட சத்தம்?' என்று கேட்காதே, ஒலியை ஒலியாக மட்டும் கேள் என்பது அவரது கொள்கையானது. 1966-ல் அதற்கு ஒரு பெரிய நூலே எழுதினார். பித்தாகரஸ் திரைக்குப் பின்னால் இருந்து சீடர்களுக்குப் பாடம் சொன்னார் என்ற பழைய கதையையும் துணைக்கு அழைத்தார்.

ஜன்னலோரம் ஒரு மைக்

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. 1958-ல் ஷேஃபரோடு சேர்ந்து ஆய்வுக்குழுவைத் தொடங்கிய லுக் ஃபெராரியே வேறு பக்கம் திரும்பினார். அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய குரோஷியாவில், கோர்ச்சுலா தீவின் மீனவ ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது, விடியும் முன்பே எழுந்து ஜன்னலோரம் மைக்கை வைத்தார். சைக்கிளில் போகும் மீனவர், கழுதை, துறைமுகத்துக்குக் கிளம்பும் லாரி என்று தினமும் தவறாமல் வரும் சத்தங்களைச் சேகரித்தார். பல விடியல்களை ஒரே விடியலாக்கி, 1970-ல் சுமார் 21 நிமிடப் படைப்பாகக் கொடுத்தார். பெயர்: 'கிட்டத்தட்ட ஒன்றுமில்லை'.

'இதுல இசை எங்கே?' என்று சக கலைஞர்களே முகம் சுளித்ததாக ஃபெராரி பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். இன்று அதைக் கேட்டால் சும்மா ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டுப் போன மாதிரிதான் இருக்கும். அது நுட்பமான எடிட்டிங் என்பது இரண்டாவது முறை கேட்கும்போதுதான் உறைக்கும்.

யார் சொன்னது சரி? ஷேஃபரின் சகா பியர் ஹென்றி 1963-ல் ஒரு பழைய கதவின் கிறீச்சலை வைத்து முழு நீளப் படைப்பு செய்தார். அது கதவு என்பது கடைசிவரை மறக்காது. ஆனால் அந்தக் கதவு முனகும், சண்டை போடும், பாடும். இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கதவுதான் ஷேஃபரின் விதியைவிட உயிரோடு இருக்கிறது.

ஷேஃபருக்கே பின்னாளில் சந்தேகம் வந்தது. ஸ்வரங்களுக்கு வெளியே இசை இல்லை, தன் வாழ்நாள் உழைப்பு வீண் என்கிற அளவுக்கு 1980-களில் ஒரு பேட்டியில் மனம் கசந்தார்.

ஃபெராரியின் விடியலைக் கடைசிவரை கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. வெயில் ஏற ஏறச் சில்வண்டுகளின் சத்தம் கூடிக்கொண்டே போய், ஊரையே மூடிவிடுகிறது. ஒரு கட்டத்தில் கேட்பது பூச்சியா, ஏதாவது மெஷினா என்றே தெரியாது. அப்போது சட்டென்று நின்றுவிடும்.